24 அச்சுகள் போதாத ரயில்

நீண்ட பயணம் என்றால் அம்மா காரைத்தான் நம்புவார். ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு, சின்னம்மா வீட்டுக்குப் போவதென்றால் 401 நெடுஞ்சாலை, வழியில் இரண்டு இடத்தில் தேநீர், எப்படியும் ஆறு மணி நேரம். இரண்டு முழங்காலும் பழுதான பிறகு அந்தப் பயணமும் நின்றுபோனது. அவ்வளவு நேரம் காருக்குள் காலை மடக்கிக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை.

2024 ஜூன் மாதம் சின்னம்மாவின் பேத்திக்குச் சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். "நான் வரேல்லை. நீங்கள் போங்கோ, நான் வீடியோவில பாக்கிறன்" என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று இரவே ரயிலில் இரண்டு இடம் பதிவு செய்தேன். ஒன்று எனக்கு, மற்றது சக்கர நாற்காலியோடு வரும் அம்மாவுக்கு.

யூனியன் நிலையத்தில் எங்களுக்கு வந்தது வியா ரயிலின் புது வண்டி. மஞ்சளும் கறுப்பும் சாம்பலுமாக மினுங்கிக்கொண்டு நின்றது. ஊழியர் ஒருவர் கூடவே வந்து, தூக்கியில் அம்மாவை நாற்காலியோடு உள்ளே ஏற்றிவிட்டார். நாற்காலியை நிறுத்த அதற்கென்றே ஓர் இடம், பக்கத்தில் பெரிய யன்னல். இருக்கை எண்கள் பிரெய்ல் புள்ளிகளிலும் பொறிக்கப்பட்டிருந்தன. அம்மா அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். "கண் தெரியாத ஆக்களையும் நினைச்சிருக்கினம்" என்றார். போர்ட் ஹோப் அருகே ஏரி யன்னலுக்குக் கிட்டே வந்தபோது அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். அவ்வளவு தூரமும் காலை நீட்டிக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல், ஒரு ராணி மாதிரி வந்தார்.

அந்த ஒரு பயணம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். திரும்பி வந்ததும், இந்த ரயில் எப்படி வந்தது, யார் காசு கொடுத்தார்கள், ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கச் சந்தோசமும் கோபமும் சேர்ந்தே வந்தன.

வியா ரயில் கனடாவின் தேசியப் பயணிகள் ரயில் சேவை. 1978 முதல் அது அரச கூட்டுத்தாபனம். கனேடியன் நாஷனல், கனேடியன் பசிபிக் என்ற இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களும் பயணிகளை ஏற்றி நட்டப்பட விரும்பவில்லை. அந்தச் சுமையை அரசு வாங்கி வியாவின் தலையில் வைத்தது. பெட்டிகளைக் கொடுத்தார்கள், எஞ்சின்களைக் கொடுத்தார்கள். தண்டவாளத்தைக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் வியா ஓடும் பாதையில் அதற்குச் சொந்தமானது ஏறக்குறைய 3 விழுக்காடுதான். மிகப் பெரும்பகுதி கனேடியன் நாஷனலுடையது, எல்லோரும் சி.என். என்று சுருக்கிச் சொல்லும் நிறுவனம். அது தன் சரக்கு ரயில்களுக்காக நடத்தும் பாதை. வியா அங்கே வாடகைக்கு ஓடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புது ரயிலுக்கான பணம் 2018 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. அந்த வருடம் டிசம்பரில் சீமென்ஸ் நிறுவனத்தோடு 989 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 32 வண்டிகள், மொத்தம் 9,100 இருக்கைகள். கியூபெக் நகரிலிருந்து வின்ட்சர் வரையான வழித்தடத்துக்கு மட்டும். வியாவின் பயணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தத் தடத்தில்தான் போகிறார்கள் என்பதால் அதில் தொடங்கியது நியாயம். வண்டிகள் கலிபோர்னியாவின் சக்ரமென்ரோவில் கட்டப்பட்டன. ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலைகள் கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும் இருக்கும்போது வேலை எல்லை தாண்டிப் போனதில் பலருக்கு மனவருத்தம். வர்த்தக உடன்படிக்கைகளின்படி உள்நாட்டில்தான் கட்டவேண்டும் என்று வியாவால் நிபந்தனை போட முடியாது. தொழிலாளர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 2022 நவம்பரில் முதல் வண்டி பயணிகளோடு புறப்பட்டபோது அதைவிடப் பெரிய விசயம் ஒன்று நடந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அதைச் சொல்ல 2000ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். பிரித்தானியாவிலிருந்து ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வழியாக ஐரோப்பாவுக்கு இரவு ரயில் விட ஒரு திட்டம் இருந்தது. பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே திட்டம் கைவிடப்பட்டது. சும்மா கிடந்த அந்த 139 பெட்டிகளை வியா 29.8 மில்லியன் டொலருக்கு வாங்கியது. திருத்தி ஓடவைக்க இன்னும் 100 மில்லியன் அளவில் செலவிட எண்ணியது. புதிதாகக் கட்டுவதோடு ஒப்பிட்டால் மிக மலிவு. 'றெனேசான்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அவை பிரித்தானியப் பாதைகளுக்காகக் கட்டிய ஒடுக்கமான பெட்டிகள். சொந்தச் சக்கர நாற்காலியில் வருபவர்கள் உள்ளே நடமாட முடியாது.

மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஒன்று இதை விடவில்லை. கனேடியப் போக்குவரத்து முகமையிடம் முறைப்பாடு கொடுத்தார்கள். முகமை 2003இல் பெட்டிகளை மாற்றியமைக்கச் சொன்னது. வியா மேல்முறையீடு செய்து வென்றது. கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007 மார்ச்சில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மாற்றுத்திறனாளிகள் பக்கம் தீர்ப்பு வந்தது. மனிதர் தன் சொந்த நாற்காலியோடு ஏறும்படி பெட்டி இருக்கவேண்டும். புதிதாக வாங்கும்போது புதுத் தடைகளையும் சேர்த்து வாங்கக்கூடாது என்பது அதன் சாரம்.

ஒரேயொரு நீதிபதி மறுபக்கம் நின்றிருந்தால்? இந்த இடத்தைப் படித்தபோது அம்மாவின் நாற்காலி நின்ற இடம்தான் கண்முன் வந்தது. அவர் தடவிப் பார்த்த அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஆறு வருடத்துக்கு மேல் நடந்த வழக்கு இருக்கிறது. யாரோ முகம் தெரியாத மனிதர்கள் அம்மாவுக்காக வாதாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழியில்லை, இங்கே எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றியும் அந்தக் கதையில் பாடம் இருக்கிறது. வியா ஏன் அந்தப் பெட்டிகளை வாங்கியது? கையில் காசு குறைவு, தேவை அவசரம். அரசின் பணம் ஒருபோதும் சீராக வந்ததில்லை. 2003 ஒக்ரோபரில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டேவிட் கொலனெட் வியாவுக்கு 692.5 மில்லியன் டொலர் அறிவித்தார். டிசம்பரில் போல் மார்ட்டின் பிரதமரானார், அந்தப் பணம் நிறுத்தப்பட்டது. இருவரும் ஒரே கட்சி. நாலு வருடம் கழித்து, 2007இல், ஸ்டீவன் ஹார்ப்பர் அரசு 691.9 மில்லியன் அறிவித்தது. ஏறக்குறைய அதே தொகை! இடையில் போன நாலு வருடத்தை யார் திருப்பித் தருவது? வீட்டுக் கூரை ஒழுகும்போது ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டாலே சுவரும் சேர்ந்து போய்விடும். ரயிலும் அப்படித்தான். 1980களின் தொடக்கத்தில் வந்த எல்.ஆர்.சி. பெட்டிகளை நாற்பது வருடமாகத் திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வளைவில் சாய்ந்து வேகமாகப் போகவென்று வடிவமைத்த பெட்டிகள் அவை. அந்தச் சாயும் பொறியைப் பிறகு இயங்காமல் செய்துவிட்டார்கள், பெட்டிகள் மட்டும் ஓடின.

சரி, புது ரயில் வந்துவிட்டது. அப்புறம் என்ன நடந்தது?

நாங்கள் மொன்றியல் போய்வந்து நாலு மாதம்தான் இருக்கும். 2024 ஒக்ரோபரில் சி.என். ஒரு கட்டுப்பாடு விதித்தது. அதன் பாதையில் தெரு குறுக்கிடும் இடங்களை, அதாவது ரயில் கடவைகளை, நெருங்கும்போது இந்தப் புது வண்டிகள் வேகத்தைக் குறைக்கவேண்டும். தடுப்புக் கம்பம் இறங்கியிருப்பதை உறுதி செய்த பிறகே வேகமெடுக்கலாம். கியூபெக்குக்கும் வின்ட்சருக்கும் இடையில் இப்படி நூற்றுக்கணக்கான கடவைகள். மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடக்கூடிய வண்டி ஒவ்வொரு கடவையிலும் தயங்கித் தயங்கிப் போகத் தொடங்கியது. பயணம் அரை மணி, அதற்கு மேலும் நீள்கிறது என்று செய்திகள் வந்தன.

காரணம் அச்சுகள், அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் இரும்புத் தண்டுகள். ஒரு எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்தது ஒரு வண்டி. ஒவ்வொன்றுக்கும் நான்கு அச்சு, ஆக 24. சி.என். கேட்டது 32.

அச்சுக்கும் கடவைக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பொறியியல் படித்த மைத்துனர் ஒருவர் தாளில் கீறிக் காட்டினார். இரண்டு தண்டவாளத்திலும் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ரயில் வந்ததும் இரும்புச் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும். மின்சுற்று மாறும். அதை வைத்துத்தான் கடவைக் கருவி 'ரயில் வருகிறது' என்று அறிந்து மணியடித்துக் கம்பத்தை இறக்குகிறது. தண்டவாளத்தில் துருவோ, நசுங்கிய இலையோ, மணலோ படிந்திருந்தால் சக்கரம் சரியாகத் தொடாது. கனமான நீண்ட சரக்கு ரயில் என்றால் நூற்றுக்கணக்கான அச்சுகளில் எத்தனையோ தொட்டுவிடும். நீளம் குறைந்த, எடை குறைந்த பயணிகள் ரயிலுக்கு வாய்ப்புக் குறைவு. கம்பம் இறங்காவிட்டால் கடவையில் குறுக்கே வரும் காரில் இருப்பவர்களின் நிலை என்ன? ஆகவே பாதுகாப்புக் கவலையைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். உயிர் சம்பந்தப்பட்டது.

ஆனால் இது நேற்றுத் தெரிந்த விசயமில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லினோய் மாநிலத்தில், சி.என். பாதையில் ஓடும் அம்ட்ராக் என்ற அமெரிக்கத் தேசியப் பயணிகள் சேவையின் ரயில்களுக்கும் இதே 32 அச்சுக் கணக்கு இருந்தது. எண்ணிக்கையை நிரப்ப, தேவைக்கு மேலான பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்த ரயில்கள் ஓடின. ஒப்பந்தம் 2018இல், முதல் ஓட்டம் 2022இல், கட்டுப்பாடு 2024இல். இந்த ஆறு வருடத்தில் வண்டி வாங்கியவர்களும் பாதை வைத்திருப்பவர்களும் பணம் கொடுத்த அரசும் ஒரு மேசையில் உட்கார்ந்து இதைத் தீர்த்திருக்கலாமே? கடவைக் கருவிகளை மேம்படுத்தலாம், வண்டியில் உதவிக் கருவி பொருத்தலாம், வண்டிகளை நீளமாகவே வாங்கியிருக்கலாம். வியா நீதிமன்றம் போனது. அரச கூட்டுத்தாபனம் ஒன்று தன் ரயிலை அதற்குரிய வேகத்தில் ஓட்ட வழக்குப் போடவேண்டிய நிலை. கிட்டத்தட்ட ஒரு பில்லியன் டொலர் பொதுப்பணத்தில் வாங்கிய வண்டிகள் இவை.

அந்தக் கோடையிலேயே, ஓகஸ்ட் 31ஆம் திகதி, மொன்றியலிலிருந்து கியூபெக் நகருக்குப் போன ஒரு வியா ரயில் பழுதாகி, பயணிகள் பத்து மணி நேரத்துக்கு மேல் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். நாடாளுமன்றக் குழு நிர்வாகிகளை அழைத்துக் கேள்வி கேட்டது. கேட்கத்தான் வேண்டும். ஆனால் பாதை யாருடையது, முன்னுரிமை யாருக்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது, ஏனென்றால் அதற்கு இந்த நாட்டில் சட்டமே இல்லை.

பலருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். வியாவை உருவாக்கி, அதன் கடமை இது, உரிமை இது என்று சொல்லும் தனிச் சட்டம் கனடாவில் இல்லை. அமெரிக்காவில் அம்ட்ராக்கை உருவாக்கியதே 1970ஆம் ஆண்டுச் சட்டம். அதன் ரயில்களுக்குச் சரக்கு ரயில்களைவிட முன்னுரிமை தரவேண்டும் என்பதும் 1973 முதல் அங்கே சட்டத்தில் இருக்கிறது. எல்லா நாளும் அது மதிக்கப்படுவதில்லை. இருந்தாலும் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது. வியாவின் கையில் அந்தத் தாள் இல்லை. மூன்று கிலோமீற்றரைத் தாண்டும் நீளத்தில் சரக்கு ரயில்கள் வருகின்றன. ஒற்றைப் பாதையில் அவை ஒதுங்கி நிற்கப் பக்கப் பாதைகளின் நீளம் போதாது. ஆகவே ஒதுங்குவது பயணிகள் ரயில்தான்.

சட்டம் இல்லாததால் வெட்டுவதும் எளிது. 1981இல் அமைச்சரவை ஆணை ஒன்றிலேயே வியாவின் சேவையில் ஐந்தில் ஒரு பங்கு போனது. சிலவற்றை அடுத்த அரசு 1985இல் மீட்டது. அதே அரசு 1990 ஜனவரி 15 அன்று ஏறக்குறைய பாதியை நிறுத்தியது. கல்கரி, றெஜைனா, தண்டர் பே மூன்று நகரங்களும் அன்றோடு பயணிகள் ரயிலை இழந்தன. இன்றுவரை அங்கே ரயில் திரும்பவில்லை. கல்கரி பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம்! மூடிய சேவையைத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பயணிகள் ரயில் நட்டத்தில் ஓடுகிறது, வரிப்பணம் வீண் என்று சொல்பவர்கள் எங்கள் குடும்ப விருந்துகளிலும் உண்டு. அவர்களிடம் நான் சேர்ச்சிலைப் பற்றிச் சொல்வேன். மனிற்றோபாவின் வடக்கே, ஹட்சன் குடாவின் கரையில், ஆயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஊர். தெருவழியாக அங்கே போக முடியாது. வினிபெக்கிலிருந்து ரயிலில் இரண்டு இரவு, ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். 2017 மே மாதம் வெள்ளம் பாதையை அரித்துப்போனது. யார் திருத்துவது என்ற இழுபறியில் மாதங்கள் கரைந்தன. பயணிகள் ரயில் திரும்பியது 2018 டிசம்பரில்தான். ஒன்றரை வருடம், பாலும் மரக்கறியும் விமானத்தில் வந்து தாங்க முடியாத விலைக்கு விற்றன. வைத்தியசாலைக்குப் போகும் முதியவருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்த ரயில்தான் தெரு. 401இல் நான் இலவசமாக ஓட்டிப் போகிறேனே, அந்தத் தெருவுக்கு யாரும் இலாபக் கணக்குக் கேட்பதில்லை.

சேர்ச்சிலுக்குப் போகும் வண்டியும், ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் போகும் 'கனேடியன்' வண்டியும் இன்னும் 1950களின் துருவேறா உருக்குப் பெட்டிகளில்தான் ஓடுகின்றன. 'கனேடியன்' முதன்முதலாகப் புறப்பட்டது 1955 ஏப்ரல் 24. அம்மா பிறந்தது 1954. அந்தப் பெட்டிகளில் பல பிலடெல்பியாவில் கட்டப்பட்ட வருடம். இதை அம்மாவிடம் சொன்னேன். "அதுகளுக்கும் முழங்கால் நோகுமே" என்றார். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் இந்த நெடுந்தூர வண்டிகளையும் மாற்றப் பணம் தருவதாக அரசு சொல்லியிருக்கிறது. பேரம் பேசவேண்டியிருப்பதால் தொகையை வெளியிடவில்லை. தொகை எவ்வளவாக இருந்தாலும் அடுத்து வரும் அரசுகள் அதில் கை வைக்கக்கூடாது என்பதுதான் என் வேண்டுதல். 2003 மறுபடி வரக்கூடாது.

இதற்கிடையில் 2025 பெப்ரவரியில், பதவியிலிருந்து இறங்கப்போகும் நேரத்தில், ஜஸ்ரின் ட்ரூடோ 'அல்ரோ' என்ற அதிவேக ரயிலை அறிவித்தார். ரொறன்ரோவிலிருந்து கியூபெக் நகர் வரை ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர், மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம், மொன்றியலுக்கு மூன்று மணி நேரம். திட்டமிடலுக்கு மட்டும் ஆறு வருடத்தில் 3.9 பில்லியன் டொலர். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது, ஒரே காரணத்துக்காக: பாதை சொந்தப் பாதை. யாருடைய சரக்கு ரயிலுக்கும் வழிவிட்டு நிற்கவேண்டியதில்லை, அச்சை எண்ணத் தேவையில்லை. கவலையும் இருக்கிறது. அந்தத் தடம் பீற்றர்பரோ வழியாகப் போகிறது. என் மகள் படிக்கும் கிங்ஸ்ரனும், கோபர்க், பெல்வில், புறொக்வில் போன்ற ஏரிக்கரை, ஆற்றங்கரை ஊர்களும் அதில் இல்லை. பெரிய ரயில் வந்ததும் இந்த ஊர்களுக்கான வண்டிகளைக் குறைத்துவிடுவார்களோ என்று கிங்ஸ்ரன் மக்கள் இப்போதே கேட்கிறார்கள். பல்கலைக்கழக விடுமுறை தொடங்கும் நாளில் அந்த நிலையத்தில் பயணப் பெட்டிகளோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி மிகையாகத் தெரியாது.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. வண்டிக்குக் காசு ஒதுக்கும் அதே கையால் வியாவுக்கு ஒரு சட்டத்தையும் எழுதுங்கள். பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை, கடவைகளை மேம்படுத்தும் பொறுப்பு யாருடையது, எந்த ஊரின் சேவையை நாடாளுமன்றத்தில் பேசாமல் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இதை எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இரண்டு பக்கக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். ஸ்காபரோவில் இருந்து மொன்றியலுக்குக் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஓடுகிற எங்கள் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர். நீங்களும் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி.

அடுத்த மாதம் சின்னம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. அம்மாதான் போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டுமாம். இந்த முறை யாரும் கெஞ்சவில்லை, "அந்த யன்னல் பக்கமாப் போடு" என்று அவரே சொன்னார். அச்சுக் கதையைச் சொன்ன நாளிலிருந்து அவருக்குக் கடவைகள் மேல் ஒரு கண். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் வரை எத்தனை கடவை, எத்தனையில் வண்டி வேகம் குறைகிறது என்று எண்ணிக்கொண்டு வரப்போகிறாராம். அதற்கென்று பேத்தியிடம் ஒரு சின்னக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறார்.